ஒரு சாண் மேற்கே

பள்ளியாடி கூட்டுறவுச் சங்கத்து மொட்டைமாடியில்
சிமென்டுக்குள் புதைந்த ஒரு பித்தளைக் குமிழ்.
தான் எங்கே இருக்கிறோமென்று
மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்த ஒரே ஆள்
இந்தத் தெருவில் அதுதான்.

காலை ஆறரைக்கு அதன் தலைக்கு நேரே
ஸ்டாண்டை விரித்தேன்.
நீர்மட்டத்தை வட்டத்துக்குள் கொண்டுவர
மூன்று திருகு, ஒரு கெட்ட வார்த்தை.
மேலே ஆன்டெனா. பக்கத்தில் ரேடியோ,
பழைய ஆட்டோ பேட்டரியில் முனகிக்கொண்டு.

இருபதாயிரம் கிலோமீட்டர் தப்பாமல் வரும் சேதி
கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் தடுமாறும்.
அயனிமண்டலம் கொஞ்சம் பிடித்துவைக்கும்,
மிச்சத்தைக் கடற்காற்றின் ஈரம்.
வானம் குமிழிடம் சொல்கிறது:
நீ இருப்பது கிழக்கே நாலடி தள்ளி.
குமிழ் சண்டைக்குப் போகாது.
இந்த நொடிக்கு வானத்தின் பிசகு இவ்வளவு,
இந்த நொடிக்கு இவ்வளவு என்று
கேட்பவர் யாரென்று பாராமல்
சொல்லிக்கொண்டேயிருக்கும்.

கேட்பவள் நான்,
முக்கால் கிலோமீட்டர் தள்ளி
ஏசுவடியானின் ரப்பருக்கடியில்
கையில் கோலோடு.
ரப்பர் தோப்பில் வானம் சில்லறையாகத்தான் கிடைக்கும்.
மிதக்கிறது, என்கிறது திரை.
மிதக்கிறது.
மிதக்கிறது.
நிலைத்தது.
ஷிபின் முளையை அடித்தான்.

பதினோரு முளைகள்.
ஒன்பதாவது, வருக்கப்பிலாவின் மேற்குப் பக்கம் விழுந்தது.
கிழக்குப் பறம்புக்காரி ஞானசெல்லம்
மரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
தாழத் தொங்கிய இடிச்சக்கை ஒன்றை
அங்கேயே திருகிப் பறித்தாள்.

எப்போதும்போல் கடைசியாக
முக்கிலுள்ள பழைய அதிர்க்கல்லில் கோலை வைத்தேன்.
அதன் இடம் கடலாசில் இருக்கிறது.
திரை சொன்னது ஒரு சாண் கிழக்கே.
மறுபடி வைத்தேன். ஒரு சாண் கிழக்கே.
முளைக்கும் முளைக்கும் இடையே நூல் பிசகில்லை,
பதினொன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி,
பதினொன்றும் தப்பு.

மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன்.
பனம்பாயில் நல்லமிளகு.
பாயின் ஓரத்தில் என் ஸ்டாண்டு,
ஒரு சாண் மேற்கே.
நீர்மட்டம் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.
குமிழ் தனியாக வெயிலில்.
நகர்ந்ததே தெரியாத ரேடியோ
அதே நிதானத்தோடு, அதே நொடிக் கணக்கில்
பழைய இடத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் பொன்னுராசன் தலையைச் சொறிந்தார்.
"பாய் விரிக்க எடமில்ல, கொஞ்சம் நீக்கி வச்சேன்.
ஒரு சாண்தானே பிள்ளே."

முளைகளைப் பிடுங்கி மறுபடி அடிக்க மணி மூன்று.
இம்முறை கோடு
பிலாவின் நடுத்தண்டுக்குள் போனது.
முளை அடிக்க வழியில்லை.
ஷிபின் பட்டையில் சிவப்பு மை தேய்த்தான்.
ஞானசெல்லம் கேட்டாள்:
"காலையிலயும் இதே மெஷின்தானே சொல்லிச்சு?"
ஏசுவடியான் சிரித்தார்.
பிறகு, சிவப்புக் கோடு தம் பக்கத்துக் கொப்பிலும்
பாதியைத்தான் விட்டிருக்கிறது என்று பார்த்து
நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் கால்களை மடக்கும்போது
பொன்னுராசன் பக்கத்தில் வந்து குந்தினார்.
"வானம் பிசகும், இந்தக் குமிழு பிசகாதுன்னா
இதுக்க இடம் இதுக்கு ஆரு சொன்னது?"

வானம்தான் அண்ணே.
இதே வானம்.
நாலு ராத்திரி நாலு பகல்
அசையாமல் இருந்து கேட்டதில்
பிசகெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்ந்து
மிஞ்சியது இந்த இடம்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.
மிளகைச் சாக்கில் கோரினார்.
குமிழைச் சுற்றியிருந்த பள்ளத்தில்
ஏழெட்டு மணி சிக்கியிருந்தது.
நகத்தால் நோண்டி எடுத்து
ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.